பத்தரை மணி இருட்டு

முட்டைக் காசில் வாங்கியது:
ஒரு நீலச் சில்லுப் பலகை, மூன்று எல்.இ.டி. பொட்டுகள்,
இரண்டு விரல் அகலத்தில் ஒரு சர்வோ,
ஒளியைக் கண்டால் இளகிவிடும் சென்சார் ஒன்று.
புந்தா அரேனாஸிலிருந்து படகில் வந்தது
ஓரம் நனைந்த அட்டைப்பெட்டியில்.

நான் யெர்கா. பொர்வெனிரில் மீன் ஆலையில்
முள் எடுக்கிறவள். விடிகாலை நாலரைக்கு
வீட்டைப் பூட்டும்போது கோழிகள் தூக்கத்தில்.
மதியம் திரும்பும்போது கூண்டுக்குள் கலவரம்.
திறந்துவைத்துவிட்டுப் போகலாம்தான்,
ஆனால் சாம்பல் நரிக்கு
என் ஷிப்ட் நேரம் மனப்பாடம்.

அதனால் இந்தக் கதவு.
வெளிச்சம் வந்தால் திற, போனால் மூடு.
சொல்லிவிட எத்தனை சுலபம்.

சமையல் மேசையில் மாவைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
எல்.இ.டி.க்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.
மாற்றிக் குத்தினால் கோபித்துக்கொண்டு
இருட்டாகவே இருக்கும்.
சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று வரி போட்ட
ரெசிஸ்டரை முன்னால் நிறுத்த வேண்டும்,
மறந்தால் ஒரு கணம் ஜொலித்துச் செத்துப்போகும்.
மூன்று இரண்டானது அப்படித்தான்.

சர்வோவுக்கு மூன்று வால்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு.
பலகை கொடுக்கும் மின்சாரம் அதன் பசிக்குக் காணவில்லை.
அது கை தூக்கும்போதெல்லாம்
பலகை மயங்கி விழுந்து, முதலிலிருந்து எழுந்தது.
தனியாக நாலு பேட்டரி வைத்தேன்.
மயக்கம் போய் நடுக்கம் வந்தது,
காய்ச்சல்காரன் கரண்டி பிடித்த மாதிரி.

இரண்டு ராத்திரி இதிலேயே போனது.
பேட்டரிக்கு ஒரு தரை, பலகைக்கு ஒரு தரை.
ஐந்து என்று ஒன்று சொல்கிறது,
எங்கிருந்து ஐந்து என்று மற்றதற்குத் தெரியவில்லை.
ஒரு கறுப்பு வயர், இந்த மைனஸிலிருந்து அந்த மைனஸுக்கு.
சர்வோ
சும்மா நின்றது.

உள்ளங்கையால் சென்சாரைப் பொத்தினேன். இரவு.
கதவு இறங்கியது, சிவப்பு எரிந்தது.
கையை எடுத்தேன். விடிந்தது. பச்சை.
இருபது தடவை இரவாக்கி இருபது தடவை விடியவைத்தேன்,
கெட்டில் வற்றிக் கருகும் வரை.

டிசம்பரில் இங்கே இருட்டு வர பத்தரை ஆகும்,
கடன் கேட்க வந்தவன் போல வாசலில் தயங்கித் தயங்கி.
பெட்டியைக் கூண்டில் திருகி முடுக்கிவிட்டு
காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் காத்திருந்தேன்.
இறங்கியது கதவு. சிவப்பு எரிந்தது.
உடனே ஏறியது. அணைந்தது.
இறங்கியது. எரிந்தது. ஏறியது.
எட்டுக் கோழிகளும் கழுத்தை நீட்டி
மேலும் கீழும், மேலும் கீழும்,
நிமிர்த்தி வைத்த டென்னிஸ் ஆட்டம் பார்த்தன.

நிவால்டோ ஜன்னலைத் திறந்து கத்தினான்:
"யாருக்கு அது, நரிக்கு விசிறியா?"

வயரைப் பிடுங்கத்தான் கை போனது.
அப்போது கண்ணில் பட்டது:
சென்சாருக்கு ஒரு விரல் தள்ளிச் சிவப்பு விளக்கு.
இருட்டிவிட்டது என்று சொல்ல ஏற்றியதையே
விடிந்துவிட்டது என்று நம்பியிருக்கிறது.
நம்பித் திறக்கிறது. திறந்தால் விளக்கு அணைகிறது.
அணைந்தால் ராத்திரி.
மேசையில் என் உள்ளங்கை அதன் கண்ணைப் பொத்தியபோது
இந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் பொத்தியிருந்தது.

எழுதித் தீர்ந்த கறுப்புப் பேனாவில் ஒரு அங்குலம் அறுத்து
சென்சார் மேல் குழலாக நிறுத்தினேன்,
வானம் மட்டும் தெரியும்படி.
கதவு இறங்கியது.
இறங்கியே இருந்தது.

சந்து வழியே எண்ணினேன். ஏழு.
மறுபடி எண்ணினாலும் ஏழு.
எட்டாவது என் பூட்ஸுக்குப் பின்னால் நின்று
லேஸைக் கொத்திக்கொண்டிருந்தாள்,
கதவு ஆடிய ஆட்டத்தில் எந்த விடியலுக்கோ வெளியே வந்தவள்.

பேனாக் குழலுக்குள் டார்ச் அடித்தேன்.
பச்சை எரிந்தது. கதவு ஏறியது.
அவள் அவசரப்படாமல், இறக்கையை ஒருமுறை உதறி,
உள்ளே போனாள்.
டார்ச்சை அணைத்தேன்.

நாலரைக்கு இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை.