நான்கு மில்லி ஆம்பியர்

தொட்டி காய்ந்து கிடந்தாலும்
இந்தக் கருவி பூஜ்யம் அனுப்பாது.
நான்கு மில்லி ஆம்பியர் வந்தபடி இருக்கும்.
இங்கேதான் இருக்கிறேன், என்னிடம் ஒன்றுமில்லை
என்று அதற்குப் பொருள்.
அதுவும் நின்றுபோனால் கம்பி அறுந்துவிட்டது.
பயிற்சியில் இதைக் கேட்டபோது
திருப்பூரிலிருந்து என் தம்பி
ராத்திரி ஒன்பதுக்குக் கொடுக்கும் மிஸ்டு கால் நினைவுக்கு வர
சிரித்துவிட்டேன்.

பங்குனிக் கடைசியில்
பென்னாகரத்தைத் தாண்டி முனியன்கொட்டாய்த் தொட்டியில்
சென்சார் இறக்கினேன்.
அன்றைக்கு அது ஏழாவது தொட்டி.
ஏணி உச்சியில், முழங்காலில் லேப்டாப்,
பிடரியில் வெயில்.
நான்கு என்றால் பூஜ்யம்.
இருபது என்றால் பத்து மீட்டர்.
அடித்தேன், சேமித்தேன், பச்சை எரிந்தது.
இறங்கி வந்து இரண்டு சொம்பு மோர் குடித்தேன்.

கருவியின் கழுத்தில்
ஐந்து மீட்டர் என்றுதான் பொறித்திருந்தது.
முந்தைய ஆறுக்கும் பத்து.
விரல் பழகிப்போயிருந்தது.

தொட்டியின் ஆழமே நான்கு மீட்டர்.
ஒருநாளாவது அது நிரம்பியிருந்தால்
எட்டு என்று காட்டித்
திரையே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.
நிரம்பவே இல்லை.

நாற்பத்தொரு நாள்.
தருமபுரித் திரையில் முனியன்கொட்டாய்
முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.
இருபதில் அடிக்க வேண்டிய மணி
என்ன செய்யும், பாவம்.
சாலம்மா இன்னும் நாலு பேரோடு
காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.
அதிகாரி திரையை அவர் பக்கம் திருப்பினார்:
தண்ணி இருக்குதேம்மா, பாருங்க.
நீலக் கோடு, பார்க்க அழகாகத்தான் இருந்தது.
"அப்ப எங்க குழாய்தான் பொய் சொல்லுதா சார்?"
திரும்பிப் போய்
சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்த கைப்பம்பையே
மறுபடி அடித்தார்கள்,
பல்லைக் கறையாக்கும் அதே தண்ணீர்.

மல்டிமீட்டரோடு போனேன்.
சென்றாயன் மூடியைத் தள்ளி
கயிற்றில் கல் கட்டி இறக்கினார்.
ஈரம் அறுபது சென்டிமீட்டர்.
வெளிக்குழாயின் வாயும் அதே அறுபதில்.
அதற்குக் கீழே கிடப்பது
சேற்றுக்கும் தவளைக்கும்.

மீட்டரில் ஐந்து புள்ளி ஒன்பது இரண்டு.
நாலைக் கழி, பதினாறால் வகு, ஐந்தால் பெருக்கு.
கல் சொன்னதும் கம்பி சொன்னதும் ஒன்று.
நாற்பத்தொரு நாளும்
மலைக்காற்றில், மின்வெட்டில், இடியில்
உள்ளதை உள்ளபடி அனுப்பியிருக்கிறது கருவி.
பெயர்த்துச் சொன்னவன் நான்.

பத்தை அழித்து ஐந்து அடித்தேன்.
உடனே தருமபுரியிலிருந்து போன்:
சார், இங்க மணி அடிக்குது, என்ன பண்ணீங்க?
அடிக்கட்டும், வால்வைத் திறக்கச் சொல்லு என்றேன்.

படிவத்தில் பழுதின் காரணம்:
மின்னல். எலி. கம்பி அறுப்பு. பிற.
'பிற'வைத் தொட்டேன்.
பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.

கீழே சாலம்மா நின்றிருந்தார்.
"எப்ப வரும்?"
இல்லை என்பது
இப்போதுதான் சரியாகத் தெரிகிறது அக்கா
என்று எப்படிச் சொல்ல?
பார்க்கிறேன் என்று வண்டியை உதைத்தேன்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்
கைப்பேசியில் பார்த்தேன்.
ஆறு புள்ளி பூஜ்யம் நாலு.
குழாயின் வாய்க்கு மேலே
இரண்டு விரற்கடை.