பாதரசத்தின் ஆவி

க்ரோனிங்கனில் கால்வாய் உறைந்த வாரம்.
அடித்தள அறையில்
ஒரே கலத்தை இரண்டு மானிகள் அளந்தன.
புதிய சவ்வுமானி நூறு என்றது.
பாதரச மானி
தொண்ணூற்று மூன்றில் நின்று
நகர மறுத்தது.

ரென்ஸ்கே நகத்தால் கண்ணாடியைச் சுண்டினாள்.
நுண்குழாய்ச் சுவரைப் பற்றியிருந்த பாதரசம்
மயிரிழை இறங்கி மறுபடி பற்றியது.
தொண்ணூற்று மூன்றேதான்.

"குழாய் சீராக இல்லை" என்றாள்
கண்ணாடி ஊதும் ஷூர்டிடம்.
அவன் பதில் பேசவில்லை.
ஒரு சொட்டுப் பாதரசத்தை உள்ளே நழுவவிட்டான்.
தள்ளி அளந்தான், இன்னும் தள்ளி அளந்தான்.
இருபது இடத்திலும் இழை ஒரே நீளம் என்று
தாளில் எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டு
கதவைச் சாத்தாமல் போனான்.

குளிர் உள்ளே வந்தது.

அன்றிரவு ஆர்கானை இறைத்துவிட்டு ஹீலியம் நிரப்பினாள்:
இரு மானிகளுக்கும் ஏறக்குறைய ஒரே வாக்கு.
செனான் நிரப்பினாள்:
பிளவு ஆர்கானில் இருந்ததைவிடப் பெரிது.
கனத்த வாயுதான் ஏமாறுகிறது.
யாரிடம்?

மானிக்கும் கலத்துக்கும் நடுவே
திரவ நைட்ரஜனில் முங்கிய வளைகுழாய்,
பாதரச ஆவி கலத்துக்குள் புகாதிருக்க
அவளே வைத்த காவல்.
அந்தக் குளிரை நோக்கி இரவும் பகலும்
மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது மானி.
கண்ணுக்குத் தெரியாத அந்த ஒழுக்கில்
ஹீலியம் எதிர்நீச்சல் போட்டுத் தப்புகிறது;
செனானை அடித்துக்கொண்டு போகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கும் படியே ஆறாக ஓடினால்?

விடியுமுன் கோடரியோடு கால்வாய்க்குப் போனாள்.
வாளியில் பனிக்கட்டி,
அதற்குள் உறைந்த ஒரு வாத்திறகு.
மானியின் பாதரசக் கழுத்தைச் சுற்றிப் பனியைப் பொதிந்து
மீண்டும் ஆர்கான் விட்டுக் காத்திருந்தாள்.
குளிரக் குளிர ஆவி அடங்கியது.
தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்றெட்டரைக்கு மேல் ஏறவில்லை.
மிச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் கூட்டவேண்டும்.

அலமாரியில் பதினொரு ஆண்டுக் குறிப்பேடுகள்,
எல்லாம் அவள் கையெழுத்து.
பல்பு தொழிற்சாலைக்குக் கடிதம் தொடங்கினாள்:
"நாங்கள் வெறுமை என்று சான்றளித்தது
அவ்வளவு வெறுமை இல்லை."

பாதியில் பேனாவை வைத்தாள்.
ஷூர்டின் தாளை எடுத்து
இருபது நீளங்களுக்கும் கீழே
"சரி" என்று எழுதினாள்.
அந்த எழுத்தின்மேல்
உருகிய கால்வாய் ஒரு சொட்டு விழுந்தது.
துடைக்காமல்,
தாள் காயும்வரைகூடக் காத்திராமல்,
உலை எரியும் அறைப்பக்கம் நடந்தாள்.