ஈரக் கழிவு

அதுவரை போஜன் கடைத் தராசில்
பச்சை இலை மட்டும்தான் தொங்கியிருக்கிறது.
என் காரின் பின்னிருக்கையைக் கொக்கியில் மாட்டியபோது
வரிசையில் நின்ற பெண்கள்
மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.
பதினேழு கிலோ நானூறு.
கை பழக்கத்தில் போஜன் பக்கத்திலேயே எழுதினான்:
ஈரத்துக்கு இரண்டு கழிவு.

"டேய், அது சீட்டுடா."
"எதுவா இருந்தா என்ன சார்,
கோத்தகிரியில ஈரம் இல்லாத பொருள் உண்டா?"

கூட்டுறவு வங்கியில்
பிறர் நகையை மில்லிகிராம் வரை நிறுத்துப் பார்க்கிறவன் நான்.
வீட்டில் ஒரு சிவப்புக் கார்.
இரண்டு கதவு, பின்சக்கர இழுவை,
தொண்ணூற்று மூன்றில் ஜப்பானில் பிறந்து
மூன்று கை மாறி மலையேறியது.
ஆயிரத்து நூற்றுப் பத்து கிலோ.
அதை ஆயிரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று
ஏன் தோன்றியது, தெரியாது.
வாரநாளில் வங்கிக்கும் போக வேண்டும்,
மாதம் ஒரு ஞாயிறு
செட்டிப்பாளையம் ஓடுதளத்திலும் ஓட வேண்டும்.
இரண்டுக்கும் ஒரே கார், ஒரே சம்பளம்.

ஏசி போனது. இந்த ஊரில் அதற்காக யாரும் அழவில்லை.
ஸ்டெப்னி, ஜாக்கி, கம்பளம்,
பின் கண்ணாடியின் வைப்பர் மோட்டார்.
தரையில் ஒட்டிய தார்த் தகட்டைப் பெயர்க்க
உலர் ஐஸ் வேண்டும், கோவையில்தான் கிடைக்கும் என்றான் இன்னாசி.
ஜனவரி. கதவு இரண்டையும் திறந்துபோட்டு
இரவு முழுக்க வெளியில் விட்டோம்.
விடியலில் புல்லெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
சுத்தியல் பட்டதும் தார்
கடலைமிட்டாயாய்த் தெறித்தது.
பாதிதான்.
மீதிக்கு உளி, என் முழங்கால்,
இன்னாசியின் கெட்ட வார்த்தைகள்.

அதன் பிறகு கார் பேச ஆரம்பித்தது.
வயிற்றில் அடிக்கும் ஒவ்வொரு ஜல்லியும் கேட்டது.
மூன்றாவது கியரில் பின் அச்சின் முனகல்,
கட்டபெட்டுத் திருப்பத்தில்
டயர் மிதித்த ஈரச் சருகு.

நோட்டுக் கணக்கில் ஆயிரத்து நான்கு.
அங்கேயே நின்றுவிட்டது.
பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதைப் பிரமிளா பார்த்தாள்.
இன்னாசி என் வயிற்றைப் பார்த்தான்:
"எட்டு கிலோ சும்மா கெடக்கு சார், ஸ்பானரே வேணாம்."

ஹீட்டரைக் கழற்றச் சொன்னேன்.
ஐந்து கிலோ எண்ணூறு.

அந்த ஞாயிறு மூன்றாம் வளைவில்
வழக்கமாக பிரேக் மிதிக்கும் கம்பத்தைத்
தாண்டி மிதித்தேன்.
ஒரு சுற்றில் ஒன்றேகால் நொடி குறைவு.
போனில் நேரம் பிடித்த பிரமிளா
நம்பாமல் மறுபடி பிடித்தாள்.

திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டியதும் மூடுபனி.
வெளியே ஒரு வெள்ளை, கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை.
அவள் துப்பட்டாவால் என் பக்கம் துடைத்தாள்,
துடைத்த இடம் மூச்சில் மறுபடி மூடியது.
"மூச்சை அடக்கு" என்றேன்.
"முதல்ல நீ பேசறத நிறுத்து."

ஒரு கொண்டை ஊசியில் ரோடு முடிந்து
கறுப்புச் சுவர்.
கார் நின்றது.
எடை குறைந்ததாலா, என் கால் நடுங்கியதாலா,
சொல்லத் தெரியவில்லை.
காட்டெருமை தலையைத் திருப்பியது.
எண்ணூறு கிலோ இருக்கும்.
எதையும் கழற்றாமல்
அது மெதுவாகச் சரிவில் இறங்கிப் போனது.

திங்கட்கிழமை ஹீட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு
இன்னாசியிடம் போகும் வழியில்
போஜன் கூப்பிட்டான். கொக்கியில் மாட்டினான்.
"ஐந்து எண்ணூறு. ஈரத்துக்கு ரெண்டு கழிவு.
மூணு எண்ணூறுதான் சார்."

மில்லிகிராம் பார்க்கிறவன் நான்.
நோட்டைத் திறந்து
அவன் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.