ஷிகுஷிகு

நாலு ரோட்டில் ஒகேனக்கல் பஸ் திரும்பும் முனை,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஏழு பேர் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைக்கிறோம்.
அதுதான் முதல் பாடம்.
கரண்ட் போனால் கீழே இறங்கும் அவசரத்தில்
யாரோ மிதித்து, எல்லாம் மறுபடி தர்மபுரிச் செருப்பாகிவிடும்.

சித்தேஸ்வரன் கார்ட்டூன் பார்த்து வந்தவன்.
வாளை உருவும் வசனமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு,
பாக்கிச் சில்லறை கேட்கத்தான் வராது.
நஸ்ரின் எழுத்துக்காக வந்தாள்.
மழை என்ற எழுத்துக்குள் நாலு துளி இருக்கிறது என்று
நோட்டின் ஓரமெல்லாம் வரைந்து வைப்பாள்.
பாலக்கோட்டில் அந்த வருஷம் அவ்வளவுதான் மழை.

நான் மாதேஸ்வரி. சம்பளத்துக்கு வந்தேன்.
வேறு ஆசை இருப்பதாக நடிக்கத் தெரியவில்லை
வலிப் பாடம் வரும்வரை.

முதியோர் இல்ல வேலைக்கு அது கட்டாயம்.
ஸுகிஸுகி என்றால் விண்விண்.
ஹிரிஹிரி, வெந்நீர் பட்ட தோல்.
கான்கான் தலைக்குள் இடிப்பது; எனக்கோ உடம்பு
கணகணவென்று காயும், ஒரு மார்க் போகும்.
கிரிகிரி வயிற்றைக் குத்துவதாம்,
தலை கிறுகிறுப்பது இல்லையாம். இன்னொரு மார்க்.

இப்படி இரட்டை இரட்டையாக முனகுகிற
ஒரு தேசம் இருக்கிறதென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் எலும்பில் போய் உட்காரும்.
பெரியாஸ்பத்திரி நைட் டூட்டியில்
குடையுது என்பார்கள், கடுக்குது, உளையுது,
முட்டிக்குள்ள ஆணி அடிக்கறாங்க பாப்பா என்பார்கள்.
கேஸ் ஷீட்டில் எல்லாமே
வலி.

இன்டர்வியூ அன்று திரையில் ஓகாவா அம்மா.
ஏன் ஜப்பான்?
பூ, சுத்தம், நேரம் தவறாத ரயில்
என்று மனப்பாடம் செய்தது வந்தது, பாதியில் நின்றது.
சிரித்துச் சமாளித்தேன், வாயைக் கையால் மூடி.
பல்லில் தண்ணீர் போட்ட பழுப்பு வரி எனக்கு.
அவர்கள் ஊரில் அது அடக்கமாம்.
நல்ல பழக்கம் என்று
எழுதிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பிடித்த சொல் ஏதாவது? என்றார்.
ஷிகுஷிகு என்றேன்.
வயிறு விடாமல் மெல்ல வலிப்பதும் அதுதான்,
சத்தமில்லாமல் அழுவதும் அதுதான்.
தமிழில் இப்படி இல்லையா?
இல்லை என்று சொல்லிவிட்டேன்.
படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது:
விம்முது.
பழுத்த கட்டியும் விம்மும், பிள்ளையும் விம்மும்.
ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால்
திரை அணைந்திருந்தது.

இன்னும் பதில் வரவில்லை.
நேற்று ஏழாம் நம்பர் கட்டிலில் சித்தேரிப் பெண்,
சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.
வலிக்குதா, அழறியா?
எதைன்னு சொல்றது, போ சிஸ்டர்.

ஷீட்டில் வலி என்று எழுதினேன்.
உள்ளங்கையில் நான்கு எழுத்து,
பேனாவால், அவர்கள் லிபியில்.
அடுத்த கட்டிலுக்குக் கை கழுவும்வரை இருந்தது.