எழுபத்து நான்கு

நுரையீரலைச் சூழ்ந்த நீரை
ஊசியால் இழுத்தார்கள்.
லெமன் டீ நிறம், அறுநூறு மில்லி.
அதில் ஒரு குழாயை என்னிடமே நீட்டி
"வெளி லேப்ல குடும்மா, ஏ.டி.ஏ. பாக்கணும்."

புரசைவாக்கம் நெரிசலில், ஷேர் ஆட்டோவில்,
இருதயராஜின் நெஞ்சைக்
கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்தில் யாரோ பூசணிக்காய் வைத்திருந்தார்.

லேப் பெண்ணின் பட்டையில் ஷர்மிளா பானு.
கேட்டதும் சொன்னாள்:
அது ஒரு என்சைம் அக்கா,
அடினோசினிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றிவிடும்.
கழன்ற அம்மோனியாவை அளப்போம்.
நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலும் டி.பி.
கீழே என்றால்...
பிரிண்டருக்குத் தாள் போடப் போய்விட்டாள்.

கீழே என்றால் என்னவென்று
ஸ்கேன் அறையிலேயே தெரியும்,
டாக்டர் குரலைத் தாழ்த்திய ஒரே சொல்.

மூன்று மணி நேரம்
பிளாஸ்டிக் நாற்காலியில்
எவளும் கேட்காத வரம் கேட்டேன்:
ஏறு.
கழற்று, இன்னும் கழற்று.
காசமாகவே இருந்துவிடு.

எழுபத்து நான்கு.

கீழ்க்கடையில் ஆறு முட்டை வாங்கினேன்.
கை நடுங்கி ஒன்று உடைந்தது.
வேறொன்றை எடுத்துவைத்தபடி
"என்னம்மா, நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாண்ணே. டி.பி.யாம்."