ஒற்றை இறக்கை

துறைமுக எழுத்தர் பாதிப் பெயரை வெட்டினார்:
போஹுமீர் ஸ்ட்ராஹல்
பாப் ஆனான்.

லாங் ஐலண்டில் எல்லாரும்
இரண்டடுக்கு இறக்கை கட்டிய காலம்.
"மேலடுக்கு எங்கே, பாப்?"
பதில் இருந்தது அவனிடம்,
ஆங்கிலத்தில் இல்லை.

ஆஷ் மரச் சட்டம், பியானோக் கம்பி,
சைக்கிள் சக்கரம் இரண்டு,
பசை குடித்து விறைத்த துணி.
தட்டினால் பறையாக அதிரும்.

அக்டோபர் காலை.
சக்கரங்களின் சத்தம் நின்றது.
அவ்வளவுதான் தெரிந்தது அவனுக்கு.
கீழே, அவன் நிழலுக்குள் புகுந்து
வெளியே ஓடியது ஒரு முயல்.

பிறகு வேலி.
பிறகு முட்டைக்கோஸ்.

மறுநாள் தோட்டக்காரர் கோன்க்லின்
நாற்பது முட்டைக்கோஸுக்குக்
கணக்குச் சீட்டோடு வந்தார்.
எழுத்தெழுத்தாகக் கேட்டு
முழுப் பெயரும் எழுதினார்.

சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
உடைந்த விலாக்களை எண்ண உட்கார்ந்தான்,
இறக்கையுடையவற்றை முதலில்.