பதினைந்து டிகிரியில்

மீட்டர் இன்னும் எல்லாப் படகுக்கும் வராத வருடம்.
மேற்கு நங்கூரத்தில் இரவு இரண்டேகால்.
தொட்டியின் மூடி திறந்ததும்
கறுப்பு எண்ணெயின் சூடு முகத்தில் அறைகிறது.
பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை
இருட்டுக்குள் இறக்குகிறேன்.

அளப்பது கன அளவில்,
விற்பது எடையில்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்கிறது,
அடிவயிற்றில் ஈயக் குண்டுகளோடு.
குளிரும் என்று தயங்குகிறவளைப் போல
இரண்டு முறை மேலும் கீழும் ஆடி
நிற்கிறது.
கனத்த எண்ணெயென்றால் தலை தூக்கியிருக்கும்.
இது கழுத்துவரை அமிழ்ந்துவிட்டது.

தே தாரிக் இழுப்பதுபோல் காற்றை ஊதி
உயரம் காட்டும் படகுகளும் உண்டு.
அவற்றுக்கு மருந்து காத்திருப்பது.
நுரை தானே இறங்கும்.
இங்கே நுரையில்லை. எண் மட்டும்தான்.

தாளில் ஒன்பது எட்டு ஒன்பது.
என் கணக்கில் ஒன்பது ஏழு ஒன்று.
"சூட்டில் வீங்கியிருக்கும், மேடம்" என்றார் குவெக்.
வீக்கத்தைக் கழித்துத்தான் சொல்கிறேன்.
அதற்கு அட்டவணை இருக்கிறது:
எந்தக் கடலில், எந்த வெயிலில் அளந்தாலும்
பதினைந்து டிகிரிக்குக் கொண்டுவந்து
எழுத வேண்டும்.

பதினைந்து!
இந்தத் தீவில் பிறந்து முப்பத்தெட்டு வருடம்,
திரையரங்கின் குளிரில்கூட
அதை நான் சந்தித்ததில்லை.
யாரும் குடியிராத ஓர் ஊரின் வானிலையில்
எங்கள் கணக்குகள் நேர்மையாக இருக்கின்றன.

"புள்ளிக்கு அந்தப்பக்கம்தானே,
யார் பார்க்கப்போகிறார்கள்?"
ஐந்நூறு கன மீட்டரில்
புள்ளிக்கு அந்தப்பக்கம்
ஒன்பது டன் நிற்கிறது.
ஒருமுறை நான் பார்க்காமல் விட்டதுண்டு.
அந்த மாதம் வீட்டுத் தவணை பாக்கி.

இன்று ஏழு ஒன்று என்றே எழுதினேன்.
குவெக் கையெழுத்துப் போட்ட இடத்தில்
தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

விடிந்து, கரையேறி, பஸ் பிடித்து,
கிளமெண்டியில் ரயில்.
இனி ஒருவருக்கும் இடமில்லை என்ற பெட்டியில்
நாலு பேர் ஏறினோம்.
பெட்டி பெருக்கவில்லை.
குழாயை இதில் விட்டிருந்தால்
அமிழவே அமிழாது.

என் சட்டையில் எண்ணெயும் மண்ணெண்ணெயும்.
பக்கத்தில் நின்ற பையன் மூக்கைச் சுளித்து
அரையடி நகர்ந்தான்.
அவன் புத்தகப்பை நகர்ந்தது,
அதன் பின்னால் ஒரு குடை,
குடைக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.
குவீன்ஸ்டவுன் வரை
என்னைச் சுற்றி மட்டும்
அடர்த்தி கொஞ்சம் குறைவு.